மறைந்துபோன மாதிரி இரயில் கடைகள்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்நகரின் கோட்டையையும் துறைமுகத்தையும் கோயில்களையும் ஆட்சி மன்றத்தையும் பற்றி விரிவாக எழுதுவர். கடைத்தெருவைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. அவருள்ளும் துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் ஓரிரு வரிகள் ஒதுக்குவோர் உண்டு. பொம்மைக் கடைக்கு இடம் தருவோர் இலர். பிள்ளை விளையாட்டுக்கு என்ன வரலாறு இருக்கப்போகிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் சரியன்று. ஒரு நாட்டின் தொழிலறிவு எவ்வாறு ஒரு தலைமுறையிடமிருந்து மறு தலைமுறைக்குச் சென்றது என்பதை அறிய வேண்டுமானால், அந்நாட்டுச் சிறுவர்கள் எந்தக் கடையின் முன்னால் நின்றார்கள் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இங்கிலாந்து நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செழித்திருந்து, பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்ட மாதிரி இரயில் கடைகளின் கதையே இக்கட்டுரையின் பொருள். மாதிரி இரயில் என்பது கயிறு கட்டி இழுக்கும் பொம்மை வண்டியன்று. மெய்யான இஞ்சினையும் பெட்டிகளையும் அளந்து, ஒரே விகிதத்தில் சுருக்கி, தண்டவாளம், கைகாட்டி, நிலையம், பாலம் ஆகியவற்றோடு அமைத்து ஓடவிடுவது. சிறுவர்களுக்கு அது விளையாட்டு; பெரியவர்களுக்கு அது ஒரு கைத்தொழில், ஒரு கலை. தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே 1885ஆம் ஆண்டில் முதல் இரயில் ஓடிய நாள் முதலாக இரயிலோடு வாழ்ந்து பழகிய நம் நாட்டு மக்களுக்கு இவ்வாசையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கடைகள் பொருளை விற்றன. பொருளோடு அறிவையும் கொடுத்தன. பொருளுக்கு விலை வாங்கின. அறிவுக்கு விலை வாங்கவில்லை. அவை வளர்ந்ததற்குக் காரணம் இதுவே. அவை அழிந்ததற்கும் இது ஒரு முக்கிய காரணம் என்பதைப் பின்வரும் செய்திகள் காட்டும்.

கொதிகலன் பட்டறையில் தொடக்கம்

லண்டனுக்கு வடக்கே உள்ள நார்தாம்ப்டன் நகரம் காலணித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அந்நகரில் கொதிகலன் செய்யும் பட்டறை ஒன்றை நடத்திவந்த குடும்பத்தில் 1877ஆம் ஆண்டு பிறந்தவர் வென்மன் ஜோசப் பாசெட்-லோக். தந்தையின் பட்டறையில் தொழில் கற்ற இவ்விளைஞர் ஒரு செய்தியைக் கவனித்தார். சிறிய நீராவி இஞ்சின்களைத் தம் கையாலேயே செய்ய விரும்புவோர் நாட்டில் பலர் இருந்தனர். அவர்களிடம் ஆர்வம் இருந்தது, கடைசல் இயந்திரமும் சிலரிடம் இருந்தது. ஆனால் வார்ப்புகளும் உறுப்புகளும் வாங்க ஓர் இடம் இல்லை. தந்தையின் பட்டறையில் உறுப்புகளைச் செய்து தபால் மூலம் அனுப்பினால் என்ன என்று அவர் எண்ணினார். கணக்கு வழக்கில் தேர்ந்த ஹாரி பிராங்க்ளின் என்னும் நண்பர் துணை நின்றார்.

காலமும் கைகொடுத்தது. 1898ஆம் ஆண்டில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 'மாடல் இஞ்சினியர்' என்னும் இதழைத் தொடங்கினார். சிதறிக் கிடந்த ஆர்வலர்களை அவ்விதழ் ஒன்று சேர்த்தது. பாசெட்-லோக்கின் விளம்பரங்கள் அவர்கள் கண்ணில் பட்டன. 1899ஆம் ஆண்டில் அவர் தம் முதல் விலைப்பட்டியலை வெளியிட்டார். அதில் ஓவியங்களுக்குப் பதிலாக உண்மையான புகைப்படங்களை ஒட்டி அனுப்பினார். வாங்குவோன் எதை வாங்குகிறான் என்பதைத் தெளிவாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பிற்காலத்தில் அவருடைய விலைப்பட்டியல்கள் பாடநூல்களைப் போலப் படிக்கப்பட்டன. பொருள் வாங்கப் பணமில்லாத பிள்ளைகளும் அவற்றைப் பாதுகாத்து வைத்திருந்தனர்.

1900ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அங்குச் சென்ற பாசெட்-லோக் ஜெர்மானியரின் விளையாட்டுப் பொருள்களைக் கண்டு வியந்தார். நியூரம்பர்க் நகரத்தைச் சேர்ந்த பிங் சகோதரர்கள் நிறுவனம் அக்காலத்தில் உலகப் பெரும் பொம்மைத் தொழிற்சாலைகளுள் ஒன்று. ஜெர்மன் இரயில்கள் வேலைப்பாட்டில் சிறந்தவை. ஆனால் எந்த நாட்டு இஞ்சினையும் உள்ளபடி காட்டுபவை அல்ல. இங்கிலாந்து இஞ்சின்களின் வடிவத்தையும் நிறத்தையும் அப்படியே எடுத்துச் செய்து தரவேண்டும் என்று பாசெட்-லோக் பிங் குடும்பத்து ஸ்டீபன் பிங்கிடம் கேட்டார். அவரும் இசைந்தார். லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் இரயில்வேயின் 'பிளாக் பிரின்ஸ்' இஞ்சின், நியூரம்பர்க்கில் உருவாகி, நார்தாம்ப்டன் வழியாக இங்கிலாந்து வீடுகளுக்குள் நுழைந்தது. வரைபடங்களைச் சரிபார்க்க ஹென்ரி கிரீன்லி என்னும் பொறியியல் வல்லுநர் கிடைத்தார். வணிகன் ஒருவன், பொறியாளன் ஒருவன், அயல்நாட்டுத் தொழிலதிபன் ஒருவன் ஆகிய மூவரின் கூட்டால் இத்தொழில் வேரூன்றியது. இங்கிலாந்தின் தேசிய விளையாட்டு என்று பின்னர் போற்றப்பட்ட ஒன்று ஜெர்மன் தகரத்தில் பிறந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

ஹை ஹோல்போர்ன் வீதியில்

தபால் வாணிகம் வளர்ந்தபின் கண்ணால் கண்டு வாங்க விரும்புவோருக்கு ஒரு கடை தேவைப்பட்டது. 1908ஆம் ஆண்டில் லண்டன் ஹை ஹோல்போர்ன் வீதியில் பாசெட்-லோக் கடை திறக்கப்பட்டது. பின்னர் அவ்வீதியின் 112ஆம் எண் கட்டடம் மாதிரி இரயில் ஆர்வலர்கள் அனைவரும் அறிந்த முகவரியாயிற்று. எடின்பரோவிலும் மான்செஸ்டரிலும் கிளைகள் தோன்றின. நார்தாம்ப்டனில் ஜார்ஜ் வின்டரிங்ஹாம் என்பவரின் பட்டறை நிறுவனத்துக்குரிய பொருள்களைச் செய்து தந்தது.

இத்தகைய கடைக்குச் சென்றவன் அங்கு என்ன கண்டான்? முகப்புக் கண்ணாடியின் பின்னால் இஞ்சின்கள் வரிசையாக நின்றன. உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் கப்பல் மாதிரிகள் இருந்தன. இழுப்பறைகளில் சக்கரங்கள், திருகாணிகள், தண்டவாளத் துண்டுகள், கைகாட்டி மரங்கள் ஆகியவை அளவு வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. நீராவியில் ஓடுவன, சாவி கொடுத்து ஓட்டுவன, மின்சாரத்தில் ஓடுவன என மூவகை இஞ்சின்களும் கிடைத்தன. இவற்றையெல்லாம்விட அங்கு முக்கியமாக இருந்தது மேசைக்குப் பின்னால் நின்ற மனிதனின் அறிவு.

அவ்வறிவு எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாதிரி இரயிலில் தண்டவாள இடைவெளியைக் குறிக்கப் பல அளவுகள் உண்டு. 'ஒன்று' என்னும் அளவில் இடைவெளி 45 மில்லிமீட்டர். 'சுழி' என்னும் அளவில் 32 மில்லிமீட்டர். 'இரட்டைச் சுழி' என்னும் அளவில் 16.5 மில்லிமீட்டர். இவ்விரட்டைச் சுழி அளவில் ஒரு புதிர் இருக்கிறது. மெய்யான இரயில் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். ஓர் அடியை 3.5 மில்லிமீட்டராகச் சுருக்கினால் 16.5 மில்லிமீட்டர் சரியாக வரும். ஐரோப்பாவில் அவ்வாறே செய்தனர். ஆனால் இங்கிலாந்தின் இஞ்சின்கள் ஐரோப்பிய இஞ்சின்களைவிட உருவில் குறுகியவை. அவற்றை அதே விகிதத்தில் சுருக்கினால் அக்காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. ஆகவே இஞ்சினின் உடலை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் சற்றுப் பெரிதாகச் செய்து, பழைய தண்டவாளத்தின் மேலேயே ஓடவிட்டனர். அந்த விகிதப்படி பாதை 18.83 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். இதனால் இங்கிலாந்தின் இரட்டைச் சுழி இரயில்கள் இன்றளவும் தமக்குப் பொருந்தாத குறுகிய பாதையிலேயே ஓடுகின்றன.

இதையெல்லாம் அறியாமல் ஒரு தந்தை மகனுக்கு ஒரு நிறுவனத்தின் இஞ்சினையும் வேறொரு நிறுவனத்தின் தண்டவாளத்தையும் வாங்கிச் சென்றால் வீட்டில் வண்டி ஓடாது, பிள்ளை அழும். கடைக்காரன் இதை அறிவான். எந்தச் சக்கரம் எந்தப் பாதைக்குப் பொருந்தும், எந்த வளைவில் எந்த இஞ்சின் தடம் புரளும், மோட்டார் சூடேறினால் என்ன செய்வது என்பன அவன் விரல் நுனியில் இருந்தன. ஆறு பென்சுக்கு ஒரு சக்கரம் வாங்கியவனுக்கும் இந்த அறிவுரை கிடைத்தது. அதற்கெனத் தனிக் கட்டணம் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை.

இவ்வறிவைச் சுற்றி மனிதர்கள் கூடினர். 1910ஆம் ஆண்டில் லண்டனில் மாதிரி இரயில் கழகம் நிறுவப்பட்டது. 1925இல் 'மாடல் ரெயில்வே நியூஸ்', 1934இல் 'மாடல் ரெயில்வே கன்ஸ்டிரக்டர்' ஆகிய இதழ்கள் தோன்றின. வங்கி எழுத்தரும் மருத்துவரும் மெய்யான இரயிலில் வேலை செய்யும் தொழிலாளியும் ஒரே மேசையின் முன் நின்று பேசக்கூடிய இடங்கள் அக்காலத்து இங்கிலாந்தில் அதிகம் இல்லை. மாதிரி இரயில் கடை அத்தகைய இடங்களுள் ஒன்று.

லிவர்பூலின் கொடை

பாசெட்-லோக் பொருள்கள் உயர்ந்தவை, விலையும் உயர்ந்தது. அவற்றை எளியோர் வாங்க இயலவில்லை. நடுத்தர மக்களின் வீடுகளுக்கு மாதிரி இரயிலைக் கொண்டு சென்றவர் லிவர்பூல் நகரத்துப் பிராங்க் ஹார்ன்பி. 1863ஆம் ஆண்டு பிறந்த இவர் துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் இணைத்துப் பாலமும் பாரந்தூக்கியும் கட்டும் விளையாட்டுக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். அதுவே பின்னர் 'மெக்கானோ' என்று உலகெங்கும் பரவியது. 1914இல் லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் அவருடைய பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1920இல் அங்கிருந்து ஹார்ன்பி இரயில்கள் வெளிவந்தன.

ஹார்ன்பி தம் பொருள்களை ஊர்தோறும் இருந்த சில்லறைக் கடைகளின் மூலம் விற்றார். சைக்கிள் கடைகளும் இரும்புக் கடைகளும் புத்தகக் கடைகளும்கூட அவருடைய முகவர்களாயின. ஊருக்கு ஒரு மாதிரி இரயில் கடை என்ற நிலை இவ்வாறு ஏற்பட்டது. 1928இல் சிறுவர்களுக்கென்று 'ஹார்ன்பி ரெயில்வே கம்பெனி' என்னும் சங்கம் தொடங்கப்பட்டது. உறுப்பினனாகச் சேர்ந்த சிறுவன் சட்டையில் சின்னம் குத்திக்கொண்டு தன்னை ஓர் இரயில்வே அதிகாரியாகவே கருதிக்கொண்டான்.

ஆயினும் செல்வர்க்கும் வறியர்க்கும் இடையேயுள்ள வேறுபாடு இங்கும் மறையவில்லை. 1937இல் ஹார்ன்பி வெளியிட்ட 'பிரின்சஸ் எலிசபெத்' இஞ்சினின் விலை 5 கினி. அன்றைய சாதாரணத் தொழிலாளியின் ஒரு வாரக் கூலியைவிட அது அதிகம். அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் பல்லாயிரவர். வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்கள் மிகச் சிலர். அடுத்த ஆண்டு, 1938இல், சாப்பாட்டு மேசையின் மேலேயே ஓடவிடக்கூடிய சிறிய 'ஹார்ன்பி டப்ளோ' இரயில்கள் வந்தன. சிறிய வீடுகளில் வாழ்ந்தவர்களும் இவ்விளையாட்டில் இறங்க வழி பிறந்தது.

போரும் நட்பும்

இக்கடைகளின் வரலாற்றில் இரு உலகப் போர்களும் ஆழ்ந்த வடுக்களை விட்டுச் சென்றன. 1914இல் முதற் போர் மூண்டதும் ஜெர்மன் பொருள்களின் வரவு அடியோடு நின்றது. நியூரம்பர்க்கிலிருந்து பாசெட்-லோக்குக்குப் பெட்டிகள் செய்து அனுப்பிய ஜார்ஜ் கேரட் பிரெஞ்சுக் குடிமகன். அவருடைய தொழிற்சாலை 1917இல் மூடப்பட்டது. போர் முடிந்தபின்னும் ஜெர்மன் பொருள் என்றால் முகம் சுளிக்கும் மனப்பான்மை நீடித்தது. எனினும் பாசெட்-லோக் பழைய நட்பைக் கைவிடவில்லை. 1922இல் பிங் நிறுவனத்தார் செய்த மிகச் சிறிய 'மேசை இரயில்' அவர் மூலமாகவே இங்கிலாந்துச் சந்தைக்கு வந்தது. பின்னாளில் பெரும் புகழ் பெற்ற இரட்டைச் சுழி அளவுக்கு அதுவே முன்னோடி.

பிங் குடும்பத்தார் யூதர்கள். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தில் அவர்களுடைய பெருநிறுவனம் சரிந்தது. தளராத ஸ்டீபன் பிங் நண்பர்களோடு சேர்ந்து 'டிரிக்ஸ்' என்னும் புதிய நிறுவனத்தைக் கட்டி எழுப்பினார். ஒரே பாதையில் இரண்டு இரயில்களைத் தனித்தனியே கட்டுப்படுத்தி ஓட்டும் 'டிரிக்ஸ் டுவின்' இரயில் 1935இல் பாசெட்-லோக்கின் துணையோடு இங்கிலாந்தில் வெளிவந்தது. ஹிட்லர் ஆட்சியின் கொடுமை முற்றியபோது ஸ்டீபன் பிங் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். 1900ஆம் ஆண்டில் ஒரு பொருட்காட்சியில் தொடங்கிய வாணிகத் தொடர்பு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நாடிழந்த ஒருவருக்கு நட்பாக நின்றது. மாதிரி இரயில் கடைகளின் வரலாற்றைச் சிறுபிள்ளைச் செய்தி என்று ஒதுக்குவோர் இந்நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும்.

இரண்டாம் போரில் விளையாட்டுப் பொருள்களுக்கு உலோகம் கிடைக்கவில்லை. கடைகளின் அடுக்குகள் காலியாயின. பழைய பொருள்களை வாங்கி, பழுது பார்த்து, மறுபடி விற்றே பல கடைகள் காலம் தள்ளின. நார்தாம்ப்டன் பட்டறையோ போர்ப் பணியில் ஈடுபட்டது. கப்பல்களை அடையாளம் காணக் கடற்படையினருக்குப் பயிற்சியளிக்கும் சிறு மாதிரிகளும், நார்மண்டிப் படையிறக்கத்துக்காக அமைக்கப்பட்ட 'மல்பெரி' மிதக்கும் துறைமுகத்தின் மாதிரிகளும் அங்குச் செய்யப்பட்டன. விளையாட்டுக்காகக் கற்ற கைத்திறன் நாட்டின் தேவைக்கு உதவிற்று.

பொற்காலம்

போருக்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளை இக்கடைகளின் பொற்காலம் எனலாம். இரயில் எண்களைக் குறித்துக்கொண்டு நிலையங்களில் நிற்கும் பழக்கம் இங்கிலாந்துச் சிறுவர்களிடையே பெருகியிருந்தது. இயன் ஆலன் என்பவர் 1942 முதல் வெளியிட்ட இஞ்சின் எண் கையேடுகள் இதற்குத் தூண்டுகோலாயின. காலையில் நிலையத்தில் கண்ட இஞ்சினை மாலையில் கடையின் கண்ணாடிக்குள் காண முடிந்தது. 1949இல் 'ரெயில்வே மாடலர்' இதழ் தோன்றியது. லண்டனில் மட்டும் யூஸ்டன் ரோட்டில் பாண்ட்ஸ், செசில் கோர்ட்டில் ஹாம்பிளிங்ஸ், நியூ கேவண்டிஷ் வீதியில் டபிள்யூ அண்ட் எச் என்று ஆர்வலர்கள் சுற்றி வருவதற்கெனவே கடைகள் இருந்தன. லிவர்பூலில் 1946இல் ஹாட்டன்ஸ் கடை பிறந்தது. சனிக்கிழமைகளில் ஒரு கடையிலிருந்து மறு கடைக்குச் செல்வதே பலருக்கு வார வழக்கமாயிற்று. முதியவர் பாசெட்-லோக் 1953இல் மறைந்தார். தாம் தொடங்கிய தொழில் தழைத்திருந்த காலத்திலேயே அவர் கண் மூடினார்.

வீழ்ச்சியின் காரணங்கள்

இக்கடைகளின் வீழ்ச்சிக்கு ஒரே ஒரு காரணத்தைக் கூறுவது வரலாற்று நெறியாகாது. பல காரணங்கள் பத்தாண்டுகளுக்குள் ஒன்று கூடின.

முதலாவது, பிளாஸ்டிக். 1950இல் ரோவெக்ஸ் என்னும் நிறுவனம் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளுக்காகப் பிளாஸ்டிக் இரயில் ஒன்றைச் செய்தது. மறு ஆண்டே லைன்ஸ் பிரதர்ஸ் என்னும் பெரிய பொம்மை நிறுவனம் ரோவெக்ஸை வாங்கி, 'டிரையாங்' என்ற பெயரில் மலிவான இரயில்களை நாடெங்கும் பரப்பியது. உலோகத்தில் வார்க்கப்பட்ட ஹார்ன்பி டப்ளோவால் விலையில் போட்டியிட இயலவில்லை. டப்ளோ மின்சாரத்துக்கு மூன்றாவது தண்டவாளம் ஒன்றை நடுவில் வைத்திருந்தது. மெய்யான பாதையில் அப்படி இல்லையே என்று வாங்குவோர் குறை கூறினர். 1959இல்தான் டப்ளோ இரு தண்டவாள முறைக்கு மாறத் தொடங்கியது. அதன்பின் கடைக்காரர்கள் இருவகைச் சரக்கையும் அடுக்கி வைக்க வேண்டியதாயிற்று. பழைய சரக்கு தேங்கியது. 1964இல் மெக்கானோ நிறுவனமே லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குச் சென்றது.

இரண்டாவது, மெய்யான இரயிலின் தேய்வு. 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் 2,363 நிலையங்களையும் மூடப் பரிந்துரைத்தது. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் இரயில்வேயின் முதன்மைப் பாதைகளில் நீராவி வண்டிகள் நின்றன. தன் ஊருக்கு இரயில் வராத சிறுவன் இரயில் பொம்மையை விரும்புவானா? 1957இல் வந்த 'ஸ்கேலெக்ஸ்டிரிக்' மோட்டார் பந்தய விளையாட்டும் தொலைக்காட்சிப் பெட்டியும் அவனை ஈர்த்துக்கொண்டன.

மூன்றாவது காரணம் பலரும் கவனியாதது. உற்பத்தியாளர் குறித்த விலைக்குக் குறைவாக எந்தக் கடைக்காரனும் விற்கக் கூடாது என்ற வழக்கம் இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்தது. சிறிய கடைக்கு அது ஒரு வேலி. எங்கு வாங்கினாலும் ஒரே விலை என்னும்போது மக்கள் நல்லறிவுரை கிடைக்கும் கடையையே நாடினர். 1964ஆம் ஆண்டு மறுவிற்பனை விலைச் சட்டம் இந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வாங்குவோருக்கு அது நன்மையே. பல பொருள்களின் விலை இறங்கியது. ஆனால் அறிவுரை கேட்க ஒரு கடை, பணம் கொடுக்க வேறொரு கடை என்ற பழக்கமும் அதனால் வலுப்பட்டது.

பாசெட்-லோக் நிறுவனம் இந்தப் பழக்கத்தின் கொடுமையை முன்னமே கண்டிருந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்தே பலர் அதன் அழகிய விலைப்பட்டியலை வரவழைத்து, எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அதுபோன்ற பொருளை வேறிடத்தில் மலிவாக வாங்கினர். பட்டியலுக்கான செலவு ஒருவருக்கு. விற்பனையின் ஆதாயம் வேறொருவருக்கு. 1964இல் அந்நிறுவனம் சில்லறை விற்பனையை நிறுத்தியது. ஹை ஹோல்போர்ன் கடை பியாட்டீஸ் என்னும் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மறு ஆண்டு பாசெட்-லோக் வாணிகம் முடிவுக்கு வந்தது.

பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1971இல் லைன்ஸ் பிரதர்ஸ் சரிந்தது. 1979 நவம்பரில் லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை மூடப்பட்டது. ஹார்ன்பி என்ற பெயர் தாங்கிய இரயில்களின் உற்பத்தி 1990களின் பிற்பகுதியில் சீனாவுக்குச் சென்றது. பியாட்டீஸ் கடைகளும் காலப்போக்கில் மறைந்தன. நாடெங்கும் கிளைகள் வைத்திருந்த மாடல்ஸோன் 2013இல் மூடப்பட்டது. தபால் வாணிகத்திலும் இணைய வாணிகத்திலும் பெயர் பெற்று விளங்கிய ஹாட்டன்ஸ்கூட 78 ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜனவரியில், கடையை மூடப்போவதாக அறிவித்தது. மலிவு விலைக் கடைகளால் சிறு கடைகள் அழிந்தன என்பர். ஆனால் மலிவாக விற்றவர்களும் நிலைக்கவில்லை என்பதையே இது காட்டுகிறது.

இழந்தது எது?

இன்று மாதிரி இரயில்கள் முன்னைவிட நுட்பமாகச் செய்யப்படுகின்றன. அறுபது ஆண்டுகளுக்கு முன் எவரும் கனவிலும் காணாத வேலைப்பாடு இன்றைய இஞ்சின்களில் உண்டு. வீட்டிலிருந்தபடியே அவற்றை வரவழைக்கலாம். ஐயம் எழுந்தால் உலகின் எம்மூலையில் உள்ளவரிடமும் இணையத்தின் வழியே கேட்டறியலாம். இங்கிலாந்தில் நல்ல கடைகள் சில இன்னும் இருக்கின்றன. அப்படியானால் இழந்தது என்ன என்று ஒருவர் கேட்கலாம். பழைய கடைகள் குறையற்றவையும் அல்ல. காசில்லாத சிறுவனை வெளியே போகச் சொன்ன கடைக்காரர்கள் இருந்தனர். பெண் பிள்ளைகளுக்கு அங்கு இடமில்லை என்பது எழுதாத சட்டமாக இருந்தது. பழமை என்பதற்காகவே எதையும் புகழ்வது அறிவுடைமையாகாது.

ஆனால் ஓர் இழப்பு உண்மையானது. ஐயம் என்னவென்று அறிந்தவனே இணையத்தில் கேட்க முடியும். தனக்கு என்ன தெரியாது என்பதே தெரியாதவனுக்குக் கடைதான் ஆசிரியன். சக்கரம் வாங்க வந்த சிறுவன் பக்கத்தில் நின்ற முதியவர் பற்றவைப்பைப் பற்றிப் பேசுவதைக் கேட்டான். கேட்டதை வீட்டில் செய்து பார்த்தான். விரலைச் சுட்டுக்கொண்டு அடுத்த வாரம் மீண்டும் வந்தான். இவ்வாறு கேள்வியின்றியே கிடைத்த கல்வி, கடை மூடியதும் நின்றுபோயிற்று. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. ஏனெனில் அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரவாக எழுதப்படவில்லை.

பாசெட்-லோக் விட்டுச் சென்றவற்றுள் சில நல்ல நிலையில் உள்ளன. கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மக்கின்டாஷ் 1916-17இல் அவருக்காகப் புதுக்கி அமைத்த நார்தாம்ப்டன் டெர்ன்கேட் 78ஆம் எண் வீடு இன்று காட்சியகமாக விளங்குகிறது. 1915இல் அவரும் கூட்டாளிகளும் 15 அங்குலப் பாதையாக மாற்றி அமைத்த ரேவன்கிளாஸ் சிற்றிரயில் இன்றும் வடமேற்கு இங்கிலாந்தின் மலைச்சரிவில் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. அவர் செய்த இஞ்சின்கள் ஏலக் கூடங்களில் பெரும் விலைக்குப் போகின்றன. பிரைட்டன் இரயில் நிலையத்தின் அடியில் உள்ள பொம்மை அருங்காட்சியகத்தில் பழைய இரயில்கள் பல காக்கப்படுகின்றன. வீடும் பாதையும் பொருளும் தப்பின. கடை மட்டும் தப்பவில்லை. பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காக்கலாம். கடையில் நடந்த பேச்சை அவ்வாறு காக்க முடியாது.

நம் நகரங்களிலும் இதே நிலைதான். சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையத்தில் 2011 ஜூன் 30ஆம் நாளோடு இரயில் நின்றது. ஆனால் அக்கட்டடம் வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்பட்டது. ராபிள்ஸ் பிளேசில் பல தலைமுறைகள் கண்டு களித்த ராபின்சன்ஸ் பெருங்கடை 1972 நவம்பர் 21ஆம் நாள் தீக்கு இரையாயிற்று. வேறிடங்களில் தொடர்ந்த அவ்வாணிகமும் 2020இல் முடிவை அறிவித்தது. அத்தகைய பெருங்கடைகளைப் பற்றியாவது செய்தித்தாள்களில் குறிப்புகள் உண்டு. வானொலி பழுது பார்த்த கடை, பட்டம் விற்ற கடை, புத்தகத்தை வாடகைக்குத் தந்த கடை, மிருதங்கத்துக்குத் தோல் கட்டிய கடை ஆகியவற்றைப் பற்றிக் குறிப்பு எங்கே இருக்கிறது? அவை நின்ற தெருவையும், எந்த ஆண்டு வரை இருந்தன என்பதையும், அங்கு என்ன கற்றோம் என்பதையும் அறிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதி வைப்பது பெரும் புலமை வேண்டும் பணியன்று. ஒரு குறிப்பேடும் சிறிது பொறுமையும் போதும். காலம் கடத்தாமல் ஊர்தோறும் உள்ள இளைஞர் மன்றங்களும் நூலகங்களும் இப்பணியை மேற்கொள்ள வேண்டும்.